குணசீலன் குடைவித்த மலை

பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் தன் 17ஆம் ஆட்சியாண்டில் ஒரு செப்பேடு வெளியிட்டான். மகத நாட்டிலிருந்து வந்த ஓர் அந்தணருக்கு வேலங்குடி என்ற ஊரைச் சீவரமங்கலம் என்று பெயர் மாற்றிக் கொடுத்த தானத்தைப் பதிவு செய்வதே அதன் வேலை. ஆனால் தானத்துக்கு வருமுன் மன்னனின் வெற்றிகளை வரிசையாகச் சொல்வது செப்பேட்டு வழக்கம். அந்த வரிசையில் ஒரு போர் காவிரிக் கரையில் நடக்கிறது. ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய களங்களில் அதியன் புறங்காட்டி ஓடுகிறான். அவனுடைய தேர்கள் பாண்டியன் கைக்கு வருகின்றன. அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் படையோடு வந்து சேர்கிறார்கள், இருவரும் விரட்டப்படுகிறார்கள். குடகொங்கின் மன்னன் யானைகளோடு பிடிபட்டு மதுரைக் கோட்டைக்குள் சிறை வைக்கப்படுகிறான். வெற்றிக்குப் பிறகு பாண்டியன் காஞ்சிவாய்ப்பேரூரில் திருமாலுக்கு மலை போன்றதொரு கோயில் எடுக்கிறான். காஞ்சி என்பது நொய்யலின் பழம்பெயர். ஊர் கோவைக்கு அருகிலுள்ள பேரூர்.

இந்தப் போர் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேட்டில் இல்லை. அதனால் அதற்குப் பின், 17ஆம் ஆண்டுக்கு முன், எட்டாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியை ஒட்டி நடந்திருக்க வேண்டும். பாண்டியன் தரப்புக் கதை நமக்கு முழுமையாகக் கிடைத்துவிட்டது. தோற்றவன் தரப்பில் இருப்பது ஒரே ஒரு சான்று: நாமக்கல் மலையில் குடைந்த இரண்டு விஷ்ணு கோயில்களும், அவற்றில் ஒன்றில் கிரந்த எழுத்தில் பொறித்த கல்வெட்டும். அதியர் குலத்துக் குணசீலன் இதைச் செய்வித்தான் என்றும், கோயிலின் பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்றும் அது சொல்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு அதை எட்டாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். பாண்டியன் மலை போன்ற கோயிலைக் கட்டினான். அதியனோ மலையையே கோயிலாக்கினான். இன்று பேரூர் என்றதும் நினைவுக்கு வருபவர் பட்டீசுவரர். பாண்டியன் எடுத்த திருமால் கோயில் செப்பேட்டில்தான் நிற்கிறது. அதியன் குடைந்தவை இரண்டும் இன்றுவரை பூசையில் இருக்கின்றன.

அதியர்கள் புதியவர்கள் அல்லர். தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், சங்க காலத்திலேயே ஆண்ட குலம். அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழ, பாண்டிய, கேரளர்களோடு சேர்த்துச் சொல்லும் சதியபுதோ யார் என்பது நெடுங்காலம் ஆய்வாளர்களிடையே வழக்காக இருந்தது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு அந்த வழக்கை முடித்து வைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்று அதில் இருக்கிறது. பாளி என்பது துறவிகள் தங்கும் குகை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக நாம் அறிந்த அஞ்சி, சமணத் துறவிகளுக்குப் பாறைக் குகையும் கொடுத்தவன். ஆக, அதியர் குலத்தின் கொடை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கல்லெழுத்தே ஒரு பாறைக் குகையைப் பற்றியது. ஜம்பைக்கும் நாமக்கல்லுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன; நடுவில் குலத்தின் வரலாறு பெரும்பாலும் இருட்டு. எனவே இதை இடையறாத மரபு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வரும்போது அவர்கள் மீண்டும் பாறையோடுதான் வருகிறார்கள்.

நாமக்கல் மலை சமவெளியின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்பது. உயரம் சுமார் 65 மீட்டர்தான். பக்கத்தில் கொல்லிமலை இருக்கும்போது இதை மலை என்று சொல்வதே மிகை. ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். மேற்கு அடிவாரத்தில் நரசிம்மர் குடைவரை. கிழக்கே படியேறிச் சென்றால் அரங்கநாதர் குடைவரை. உச்சியிலுள்ள கோட்டை பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. குணசீலன் காலத்தில் மேலே வெறும் பாறை. இருபுறமும் இரண்டு கோயில்கள். ஒரே மலையில் கிடந்த கோலம் ஒருபுறமும் இருந்த கோலம் மறுபுறமும் என்ற இந்த ஏற்பாடு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டமிட்டு ஒரு மனம் செய்த வேலை இது.

அரங்கநாதர் குடைவரையில் பாம்பணை மேல் பள்ளிகொண்ட பெருமான் கருவறையின் பின்சுவரை நிறைக்கிறார். ஊரில் அந்தப் பாம்பைக் கார்க்கோடகன் என்பார்கள். சுற்றிலும் கூட்டம்: மது, கைடபர் என்ற அசுரர்கள், மனித உருவில் வந்து நிற்கும் படைக்கலங்கள், தேவர்கள், முனிவர்கள். மண்டபப் பக்கத்தில் சங்கரநாராயணர், வாமனர், நரசிம்மர். இங்கேதான் கல்வெட்டு இருக்கிறது. அது செய்வித்தவன் பெயரையும் கோயில் பெயரையும் சொல்வதோடு நிற்காமல், பள்ளிகொண்டவனைச் சூழ்ந்திருப்பவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. சிற்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பெரும்பாலான பழைய கோயில்களில் இது யார், அது யார் என்று நூல்களை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இங்கே செய்வித்தவனே சொல்லிவிட்டான்.

நரசிம்மர் குடைவரைக்குள் நுழைந்தால் வேறொரு மனநிலை. நடுக்கருவறையில் சிங்கமுகத்தோடு பெருமான் அமர்ந்திருக்கிறார். மடியில் இரணியன் இல்லை, தேவியும் இல்லை. சனகரும் சனாதனரும் அருகில் நிற்கிறார்கள். சூரியனும் சந்திரனும் கவரி வீசுகிறார்கள். இருபக்கமும் பிரமனும் சிவனும். உலகமே பணிந்து நிற்க, வேலை முடிந்த அமைதியில் ஓர் அரசன் அமர்ந்திருக்கும் கொலுவாக இது இருக்கிறது. அந்த வேலை என்ன என்பது வெளியே மண்டபச் சுவரில் தெரியும். அங்கே இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர் தனிப் பலகமாக நிற்கிறார். உள்ளே சாந்தம், வெளியே உக்கிரம். பக்தன் வெளியிலிருந்து உள்ளே போகும்போது கதையின் உச்சத்தைக் கடந்து முடிவுக்குப் போகிறான்.

மண்டபத்தில் வேறு மூன்று பெரும் பலகங்களும் இருக்கின்றன. பூமியைத் தூக்கும் வராகர் ஒன்று. அனந்தன் மேல் அமர்ந்த வைகுந்தநாதர் ஒன்று. மூன்றாவது திரிவிக்கிரமர்: கீழே குறுகிய வாமனன் மாவலியிடம் நீர் வார்த்துத் தானம் வாங்குகிறான், அதே பலகத்தில் மேலே அவனே வானளாவிக் காலைத் தூக்குகிறான். மாமல்லபுரத்து வராகக் குகையில் திரிவிக்கிரமர் உண்டு; அங்கே வளர்ந்து முடிந்த கணம் மட்டும்தான். நாமக்கல் சிற்பி கதையை முதலிலிருந்து சொல்ல ஆசைப்பட்டவன். மாமல்லபுரத்தின் இழைப்பும் மென்மையும் இவனிடம் இல்லை என்பது உண்மை. உருவங்கள் கனத்தவை, பலகங்கள் நெரிசலானவை. ஆனால் அந்த நெரிசலில் ஒரு வேகம் இருக்கிறது. பல்லவச் சிற்பத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு நாமக்கல்லை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. அது வேறொரு ஊரிலிருந்து வந்த பேச்சு.

எந்த ஊர்? நாமக்கல்லில் உள்ளவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: பாம்பின்மேல் அமர்ந்த விஷ்ணு, வராகர், நரசிம்மர், திரிவிக்கிரமர், சங்கரநாராயணர். இதே ஐவரும் ஒன்றாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. வாதாபியின் மூன்றாம் குகை. சாளுக்கிய மங்களேசன் சக ஆண்டு 500இல், அதாவது கி.பி. 578இல், செய்வித்தது. அங்கேயும் அனந்தன் மேல் அமர்ந்த விஷ்ணு. அங்கேயும் வராகர், திரிவிக்கிரமர், அரிகரர் என்ற சங்கரநாராயணர். அங்கே நரசிம்மர் நின்ற கோலத்தில், கோபமின்றி. வாதாபியில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரே மண்டபத்தில் இருந்த தொகுதி, நாமக்கல்லில் மலையின் இரு பக்கங்களுக்குப் பிரித்து வைக்கப்பட்டு, பள்ளிகொண்ட பெருமானோடும் அமர்ந்த நரசிம்மரோடும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. அனந்தன் மேல் அமர்ந்த விஷ்ணு தமிழ்நாட்டுக் குடைவரைகளில் அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், குணசீலனின் சிற்பிகளுக்கு மேற்குத் தக்காணத்து மரபு தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அது எவ்வழியே வந்திருக்கும் என்பதற்கு நில அமைப்பே விடை. காவிரி ஒகேனக்கல்லைத் தாண்டி, மலைகளுக்கு நடுவே இறங்கி, மேட்டூரில் சமவெளியைத் தொடுகிறது. அங்கே மேற்குக் கரையிலிருந்து காவேரிபுரம் கணவாய் மேலேறிக் கொள்ளேகால் பக்கம் போகும். அதற்கப்பால் காவிரிக் கரையில் தலைக்காடு. கங்கர்களின் தலைநகராக இருந்த ஊர். கங்கன் ஸ்ரீபுருஷன் நெடுஞ்சடையனின் காலத்தவன். கங்க நாடு சாளுக்கியத்துக்கும் தமிழகத்துக்கும் நடுவில் இருந்த நாடு. இரு பக்கத்துக் கலையும் அதன் வழியே போய்வந்தது. கணவாயின் மேல்வாயில் தலைக்காடும் கீழே காவிரிச் சமவெளியில் நாமக்கல்லும் இருக்கையில், சிற்பி ஒருவன் வாதாபித் தொகுதியை அறிந்து கீழே வந்ததில் வியப்பு ஏதுமில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தைக் காஞ்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ பார்த்தால் அது ஒரு விளிம்பு. மேட்டூரிலிருந்து பார்த்தால் அது ஒரு வாசல்.

ஆனால் அதியன் மேற்கை மட்டும் பார்த்தவன் அல்லன். கோயிலுக்குப் பெயர் வைத்த விதம் முழுக்கப் பல்லவ வழக்கம். மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் தான் குடைந்த குகைக்கு மகேந்திர விஷ்ணுகிருகம் என்று தன் பெயரையே வைத்தான். குணசீலன் காலத்திலேயே காஞ்சியில் இரண்டாம் நந்திவர்மன், அதாவது பல்லவமல்லன், வைகுந்தப் பெருமாள் கோயிலை எழுப்பினான். ஆழ்வார் பாடலில் அது பரமேச்சுர விண்ணகரம். அந்த வரிசையில்தான் அதியேந்திர விஷ்ணுகிருகமும் வருகிறது. ஒரே ஒரு வேறுபாடு. மகேந்திரன் வைத்தது தன் பெயர். குணசீலன் முன்னால் வைத்தது குலத்தின் பெயர். பெரிய அரசுகளின் நெருக்கடியில் இருந்த ஒரு குலத்துக்கு, அரசன் இன்னானென்பதைவிட அதியர் இன்னும் இருக்கிறார்கள் என்று சொல்வது முக்கியமாக இருந்திருக்கலாம்.

சிற்பங்களுக்குப் பெயர் எழுதும் பழக்கமும் காஞ்சியை நினைவூட்டுகிறது. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர்களின் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டு, கீழே விளக்கமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக வந்து அரியணை ஏறிய பல்லவமல்லனுக்குத் தன் உரிமையை நிலைநாட்ட அப்படியொரு சித்திர வரலாறு தேவைப்பட்டது. குணசீலன் எழுதியது அரசர்களின் பெயர்களை அல்ல, தேவர்களின் பெயர்களை. இருந்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே அக்கறை தெரிகிறது: பார்ப்பவன் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நெடுஞ்சடையனுக்கு எதிராக அதியனுக்கு உதவ வந்த பல்லவன் இந்தப் பல்லவமல்லன்தான் என்பதால், காஞ்சிக்கும் நாமக்கல்லுக்கும் இடையே படை மட்டும் போய்வரவில்லை என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சியில் கற்களை அடுக்கிக் கோயில் கட்டும் கலை முழுமை பெற்றுவிட்டது. கைலாசநாதர் கோயில் கட்டி முடித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அப்போதும் குணசீலன் ஏன் மலையைக் குடைந்தான்? வசதியின்மை என்று சிலர் சொல்லக்கூடும். குடைவரை மலிவான வேலை என்று நினைப்பது தவறு. மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குகைகளைப் பார்த்தால் வேலைமுறை விளங்கும். பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களைச் சுற்றி வாய்க்கால் போல உளியால் வெட்டி, நடுவில் எஞ்சும் துண்டைத் தட்டி எடுப்பார்கள். தூண் நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அகற்ற வேண்டும். கட்டுமானக் கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே ஒரு முழங்கை தவறாக உடைந்தால் திரும்ப ஒட்ட முடியாது. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். சிற்பிக்குப் பக்கத்திலேயே உலையும் கொல்லனும் வேண்டும். இரும்புக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. கஞ்சமலை இரும்புத் தாதுக்குப் பேர்போனது.

செலவு குறைவு என்பதால் அல்ல, குகை அசையாது என்பதால்தான் அவன் இதைத் தேர்ந்தான் என்பது என் கணிப்பு. செங்கல் கோயிலைப் பகைவன் இடிக்கலாம். வென்றவன் பிரித்துத் தன் பெயரில் மறுபடி கட்டலாம். தமிழ்நாட்டின் எத்தனையோ செங்கல் கோயில்கள் சோழர் காலத்தில் கற்றளிகளாக மாறிய வரலாறு நமக்குத் தெரியும். அந்த மாற்றத்தில் முதலில் கட்டியவன் பெயர் பெரும்பாலும் போய்விடும். மலையைப் பிரித்துக் கட்ட முடியாது. வரிசையாக நான்கு பெரிய அரசுகள் நெருக்கிக்கொண்டிருந்த நிலத்தில் ஆண்ட ஒருவனுக்கு, ஊர் கைமாறினாலும் பெயர் கைமாறாத கோயில் தேவைப்பட்டது.

பாண்டியர் பக்கமும் ஒரு நரசிம்மர் உண்டு. மதுரைக்கு அருகே ஆனைமலையில், நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி ஒரு குடைவரை செய்தான். அதைக் குடமுழுக்குச் செய்யுமுன் அவன் இறந்துபோக, அவனுடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் சேர்த்து நிறைவேற்றினான். கலியாண்டு 3871 என்று கல்வெட்டு சொல்கிறது, அது கி.பி. 770. அங்கேயும் கருவறையில் அமர்ந்த நரசிம்மர். சீவரமங்கலச் செப்பேடு நெடுஞ்சடையனைப் பரம வைணவன் என்றே அழைக்கிறது. ஆக, காவிரிக் கரையில் எதிரெதிரே நின்ற பாண்டியன், அதியன், பல்லவமல்லன் மூவருமே திருமால் கோயில்களின் புரவலர்கள். சமயப் போர் என்று இதில் எதுவும் இல்லை. ஒரே தெய்வத்தின் அருள் தனக்கே என்று காட்டும் போட்டிதான். தூணிலிருந்து வெளிப்பட்டுத் தன்னைவிடப் பெரிதாகத் தெரிந்த அசுரனைக் கிழித்த தெய்வம் இருபக்கத்துக்கும் பொருந்துகிறது: பாண்டியனுக்கு அது வென்றவனின் முகம், அதியனுக்கு அது சிறுத்தவனுக்குத் துணை. வாமனன் கதையும் அப்படித்தான். குள்ள உருவில் வந்தவன் மூவுலகையும் அளந்த கதை ஒரு சிற்றரசனுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. குணசீலன் இதை நினைத்துத்தான் திரிவிக்கிரமரைச் செதுக்கச் சொன்னான் என்று நிறுவ முடியாது; வைணவக் குகைகள் பலவற்றிலும் திரிவிக்கிரமர் உண்டு. ஆனால் தானம் வாங்கும் குள்ளனையும் சேர்த்துக் காட்டியிருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவு செய்தும் அதியனுக்கு ஒன்று கிடைக்கவில்லை. பாடல். பரமேச்சுர விண்ணகரத்தைத் திருமங்கையாழ்வார் பாடினார். நாமக்கல்லை ஆழ்வார் எவரும் பாடவில்லை; 108 திவ்வியதேசங்களில் அது இல்லை. தமிழ் வைணவ நினைவு பாடலை ஒட்டி வளர்ந்தது. பாடப்படாத தலத்தின் வரலாற்றைப் புராணம் எடுத்துக்கொண்டது. ஊரில் கேட்டால் அனுமன் கண்டகி நதியிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமம் இங்கே மலையானது என்பார்கள். எதிரே கூரையில்லாமல் நிற்கும் ஆஞ்சநேயரைப் பார்க்கத்தான் இன்று பெருங்கூட்டம் வருகிறது. நாமகிரித் தாயாரைக் கணித மேதை இராமானுசனின் குலதெய்வமாக உலகமே அறியும். குணசீலன் பெயரைக் கல்வெட்டு படிப்பவர்கள் மட்டும் அறிவார்கள்.

அதியர்கள் இதன் பிறகு சோழர்களின் கீழ் அதிகாரிகளாகத் தொடர்ந்தார்கள். 1116ஐ ஒட்டித் தலைக்காட்டைக் காத்து நின்ற சோழப் படைத்தலைவன் ஓர் அதியமான். ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜனிடம் தோற்றான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் ஒரு வேலை செய்தான். தன் முன்னோனாகிய எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் சிதைந்திருந்தன. அவற்றைப் புதுப்பித்து மீண்டும் மலைமேல் எழுந்தருளச் செய்ததாக வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டு வெட்டிவைத்தான். சமண உருவங்கள் அவை. சமணருக்குப் பாளி கொடுத்த அஞ்சி, விஷ்ணுவுக்குக் குகை குடைந்த குணசீலன், சமண உருவைப் புதுப்பித்த விடுகாதழகியான்: சமயம் மாறிமாறி வந்தாலும், மலையையும் குலப்பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

காவேரிபுரம் கணவாயின் வாயிலில் இன்னொரு குறுநில அரசு எழுந்தது குணசீலனுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கழித்து. கெட்டி முதலிகள். ஓமலூர்ப் பக்கத்து அமரகுந்தியும் தாரமங்கலமும் அவர்களின் இருப்பிடம். மதுரை நாயக்கர்களுக்கு அடங்கியவர்கள், வடக்கே மைசூர். இடைக்காலத்தின் வாலில் வருகிறவர்கள் என்றாலும், அதியனின் நிலைமைதான் இவர்களுக்கும். ஆனால் இவர்கள் எடுத்துக்கொண்ட வழி வேறு. மேற்கு நோக்கிய தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை மும்முடிக் கெட்டி முதலி தொடங்கினான், சீயாழிக் கெட்டி முதலி தொடர்ந்தான், வணங்காமுடிக் கெட்டி முதலி முடித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. குணசீலனின் கோயில் ஒரே ஆணையில் முடியக்கூடியது. இது தலைமுறை தலைமுறையாகக் கூட்டிக்கொண்டே போகக்கூடியது. ஆளுக்கொரு பங்கு வைக்க இடம் இருந்தது.

அங்கே குதிரை வீரர்களும் யாளிகளும் தூண்களிலிருந்து முன்னால் பாய்கிறார்கள். ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை வெளியே எடுக்க முடியாது. வாலியும் சுக்கிரீவனும் எதிரெதிர்த் தூண்களில் இருக்க, மறைந்து நிற்கும் இராமன் இருக்குமிடத்திலிருந்து வாலி தெரிவான். வாலியின் பக்கமிருந்து இராமன் தெரிய மாட்டான். சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது சில இடத்து வேலைப்பாட்டை மட்டும் எங்களிடம் கேட்கக் கூடாது என்று விலக்கு எழுதிக்கொள்வார்களாம். ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி என்று போகும் அந்தப் பட்டியலில் தாரமங்கலத்துத் தூணும் ஒன்று. திறமையைக் காட்டும் ஆசை நாமக்கல்லில் இல்லை. தாரமங்கலத்தில் அதுவே முதல் நோக்கம். எனக்கு நாமக்கல்தான் பிடிக்கும். கல்லில் சங்கிலி செய்வது கைத்திறன். வெளியே உக்கிரத்தையும் உள்ளே அமைதியையும் வைத்து ஒரு மலையை அமைப்பது சிந்தனை. ஆயினும் ஒரு சிறு பாளையம் அந்தத் தரத்துச் சிற்பிகளை வரவழைத்து இரண்டு மூன்று தலைமுறைகள் வைத்துச் சோறு போட்டது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. திருச்செங்கோட்டிலும் பவானியிலும் கூட அவர்களின் திருப்பணி உண்டு.

நிலத்தைக் காப்பதில் அவர்களுக்கும் அதியனின் கதிதான். மைசூரின் கண்டீரவ நரசராஜ உடையார் 1640களில் கணவாய் வழியே இறங்கி சாம்பள்ளியைக் கெட்டி முதலியிடமிருந்து பறித்தார். அடுத்து வந்த தொட்ட தேவராஜன் காலத்தில், 1667ஐ ஒட்டி, ஓமலூரும் போயிற்று. 1800இல் இவ்வழியே வந்த பிரான்சிஸ் புக்கானன், காவேரிபுரம் கோட்டையைக் கெட்டி முதலி கட்டியதாக ஊரார் சொன்னதைக் குறித்துவைத்தார். மைசூரை நோக்கிய எல்லைக் காவல் அது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை அந்தக் கணவாயின் அடிவாரத்தையே ஏரியாக்கியது. பழைய காவேரிபுரத்தின் பெரும்பகுதியும் சாம்பள்ளியும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்குள் போயின. இடம்பெயர்ந்தவர்களின் ஊர் இன்று புதுச்சாம்பள்ளி. கெட்டி முதலிகள் படைக்காகக் கட்டியதைத் தேடுகிறவர் அணையில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கும் கோடையைப் பார்த்துத்தான் வரவேண்டும். கோயிலுக்காகக் கட்டியதைப் பார்க்க ஓமலூரில் பேருந்து ஏறினால் போதும்.